தேயிலை மலையில் பிள்ளை வளர்ச்சி

இலங்கையின் மலைநாட்டிலே, மகாவலி கங்கையோடு சென்று கலக்கும் கொத்மலை ஓயாவின் இருமருங்கும் பரந்து கிடப்பது கொத்மலைப் பிரதேசம். அதன் பள்ளத்தாக்கிலிருந்த பழைய நெல்வயல்களிலும் கிராமங்களிலும் ஒரு பகுதி, 1985-ஆம் ஆண்டு நிறைவெய்திய அணைக்கட்டின் நீருக்குள் அமிழ்ந்து போயிற்று. நீர்த்தேக்கத்துக்கு மேலே தவலந்தென்னை, இறம்பொடை, பூண்டுலோயா என ஏறிச் செல்லும் சரிவுகளிலெல்லாம் தேயிலை படர்ந்திருக்கின்றது. கொத்மலை அடங்கிய நுவரெலியா மாவட்டம் நாட்டுக்குக் கொடுப்பவை பல. உலகச் சந்தையில் பெயர்பெற்ற தேயிலையும், கரட், லீக்ஸ், கோவா முதலிய மரக்கறி வகைகளும், அம்பேவலைப் பண்ணையின் பாலும், நீர்வீழ்ச்சிகளிலிருந்து பிறக்கும் மின்சாரமும் இங்கிருந்தே செல்கின்றன.

இத்தனை வளத்தையும் வெளியே அனுப்பும் மாவட்டத்தில், அங்கேயே பிறந்து வளரும் சிறு பிள்ளைகளின் நிலை யாது? இலங்கைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2016-ஆம் ஆண்டில் நடத்திய குடித்தொகை, சுகாதார அளவீடு இதற்கு விடை தந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இன்றி வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதும் 100-க்கு 17.3 பேர். தோட்டப்புறத்தில் அத்தொகை 31.7. மாவட்டங்கள் எல்லாவற்றிலும் இக்குறை மிகுந்து காணப்பட்டது நுவரெலியாவிலேயே. அங்கே ஏறக்குறைய மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை வளர்ச்சி குன்றியது.

வளர்ச்சி குன்றல் என்பதை முதலில் தெளிவாக விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். உணவுக் குறைவு பிள்ளையின் உடலில் இரண்டு வகையாக வெளிப்படும். பஞ்சமோ கடும் வயிற்றோட்டமோ வந்தவிடத்துச் சில வாரங்களில் தசை கரைந்து எலும்பு தெரிவது ஒரு வகை. இது உடல் மெலிவு. பார்த்த மாத்திரத்தில் எவர்க்கும் புலப்படும். மற்றது, நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைந்த உணவு, அடிக்கடி வந்து போகும் சிறு நோய், தாயின் வயிற்றிலேயே தொடங்கிய வறுமை ஆகியவை ஒன்றுசேர்ந்து, எலும்பின் வளர்ச்சியையே தாமதப்படுத்துவது. இதுவே வளர்ச்சி குன்றல். 2016-ஆம் ஆண்டு அளவீட்டில் உடல் மெலிந்த பிள்ளைகளின் விகிதம் தோட்டப்புறத்தில் நாட்டுச் சராசரியைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆகவே தோட்டத்துப் பிள்ளையின் துன்பம் திடீரென வந்த பட்டினியன்று. நெடுங்காலமாகப் பழகிப்போன குறைவு என்பது பெறப்படும்.

பழகிப்போன குறைவு கண்ணுக்குத் தெரியாது என்பதே இதில் உள்ள பெரும் அபாயம். இரண்டு வயது நிரம்பிய பெண் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் நியமப்படி அப்பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 86 சென்ரிமீற்றர் இருத்தல் வேண்டும். 79 சென்ரிமீற்றருக்குக் குறையுமாயின் வளர்ச்சி குன்றியதாகக் கொள்ளப்படும். இப்பிள்ளையோ 78 சென்ரிமீற்றர் உயரமும் 9.8 கிலோகிராம் நிறையும் உடையதென்க. தராசில் நிறுத்துப் பார்த்தால் அதன் நிறை சராசரிக்குக் குறைந்ததாயினும் அபாயக் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. உயரத்துக்கு ஏற்ற பருமனும் உண்டு. முகம் உருண்டையாக, சிரித்து விளையாடும். லயத்தில் உள்ள மற்றப் பிள்ளைகளும் அதே உயரம். தாயும் குறை காண்பதில்லை. பக்கத்து வீட்டாரும் காண்பதில்லை. தராசு மாத்திரம் இருந்து, நீளமளக்கும் பலகை இல்லாதவிடத்து, இப்பிள்ளை சுகதேகியென்றே எழுதப்பட்டுவிடும்.

இவ்விடத்திலே ஒரு பழைய கருத்தை ஆராய்தல் அவசியம். தோட்டத்து மக்கள் பரம்பரையாகவே குள்ளமானவர்கள். பிள்ளைகள் குட்டையாயிருப்பது இனத்தின் இயல்பு. இதற்கு மருந்தில்லை என்று கூறுவோர் பலர். படித்தவர்களும் இவ்வாறு கூறக் கேட்கலாம். இது உண்மையாயின் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. பொய்யாயின் ஒரு சமுதாயத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு அது போர்வையாகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 1997-ஆம் ஆண்டு முதல் 2003-ஆம் ஆண்டு வரை ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8500 பிள்ளைகளின் வளர்ச்சியை அளந்தது. பிறேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா என்பவை அந்நாடுகள். தெரிந்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் தாய்ப்பாலுண்டு, நல்ல உணவும் சுத்தமான சூழலும் வைத்திய வசதியும் பெற்றவர்கள், தாய்மார் புகைபிடியாதவர்கள். முடிவு யாதெனில், டெல்லியிற் பிறந்த பிள்ளையும் ஒஸ்லோவிற் பிறந்த பிள்ளையும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே அளவில் உயர்ந்தன. நாடுகளுக்கிடையே கண்ட வேறுபாடு மிகச் சிறிது. ஒரே நாட்டின் பிள்ளைகளுக்குள்ளே கண்ட வேறுபாடே பெரிது. 2006-ஆம் ஆண்டு வெளிவந்த வளர்ச்சி நியமங்கள் இந்த ஆராய்ச்சியின் பயனே. சிறு பிராயத்தில் உயரத்தைக் குறுக்குவது இரத்தமன்று, வாழ்க்கை நிலையே என்பது இதனால் துணியப்படும்.

இதற்கு வேறு சான்றும் தோட்டத்திலேயே உண்டு. 2006–07-ஆம் ஆண்டுகளின் அளவீட்டில் தோட்டப்புறத்து வளர்ச்சி குன்றல் 100-க்கு 40 ஆக இருந்தது. பத்து ஆண்டுகளுக்குள் அது 32-க்கு இறங்கிற்று. இனம் பத்து ஆண்டுகளில் மாறுவதில்லை. மாறியது வாழ்க்கை நிலை.

அங்ஙனமாயின் வளர்ச்சியைத் தடுப்பவை எவை? முதலாவது காரணம் பிள்ளை பிறக்குமுன்னரே தொடங்குகின்றது. தானே சிறு வயதில் வளர்ச்சி குன்றிய பெண், உயரமும் நிறையும் குறைந்தவளாகத் தாய்மையடைகிறாள். இரத்தச்சோகை அவளுக்குப் பெரும்பாலும் உடன்பிறந்த நோய் போன்றது. கூடையைத் தலையிற் கோத்துச் சரிவிலே ஏறி இறங்கி, நாளொன்றுக்குப் பதினாறு, பதினெட்டு கிலோகிராம் கொழுந்து பறிக்கும் உழைப்பு கர்ப்ப காலத்திலும் பல மாதங்கள் தொடர்கிறது. உண்ட உணவு உழைப்புக்கே போதாதபோது வயிற்றிலுள்ள சிசுவுக்கு எஞ்சுவது யாது? 2006–07-ஆம் ஆண்டுகளின் அளவீட்டின்படி தோட்டப்புறத்திற் பிறந்த சிசுக்களில் 100-க்கு 31, இரண்டரைக் கிலோகிராமுக்குக் குறைந்த நிறையுடையன. தாயின் குறைவு மகளுக்கும், மகளின் குறைவு பேர்த்திக்கும் செல்வதைப் பரம்பரை என்று மயங்குதல் எளிது. உண்மையில் கைமாறுவது வறுமையே.

இரண்டாவது காரணம் ஆறாம் மாதத்துக்கும் இருபத்துநான்காம் மாதத்துக்கும் இடையிலுள்ள உணவு. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதுமானது. அதற்குப் பின் பாலோடு வேறு உணவும் வேண்டும். ஆறு முதல் எட்டு மாதப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரியும், ஒரு வயது கடந்த பிள்ளைக்கு 550 கலோரியும் இவ்வுணவிலிருந்து கிடைத்தல் வேண்டும். பிள்ளையின் இரைப்பையோ மிகச் சிறிது. எட்டுக் கிலோகிராம் நிறையுள்ள பிள்ளை ஒரு வேளைக்கு ஒரு கோப்பைக்கு மேல் உண்ண இயலாது. ஆகையால் அந்த ஒரு கோப்பையில் இருப்பது எது என்பதே வினா. கோதுமை மா ரொட்டியைச் சாயத்தண்ணீரில் தோய்த்துக் கொடுத்தால் வயிறு நிரம்பும், அழுகை நிற்கும், எலும்பும் தசையும் வளரா. அதே கோப்பையில் குழைந்த சோறும் பருப்பும், மசித்த கீரையும், இடித்த நெத்தலிப் பொடியும், ஒரு தேக்கரண்டி எண்ணெயும், கிடைத்த நாளில் முட்டையும் இருக்குமாயின் பிள்ளை வளரும்.

சாயத்தண்ணீரைப் பற்றி இங்கே தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தைக் குடலிலேயே பிணைத்துவிடும். உணவோடு தேநீர் அருந்துவோருக்கு அவ்விரும்புச் சத்திற் பாதிக்கு மேலும் வீணாகலாம். உலகத்தாருக்குத் தேயிலையைக் கொய்து கொடுக்கும் கை, தன் பிள்ளையின் போத்தலில் அதனையே பாலுக்குப் பதிலாக ஊற்றுவது இரங்கத்தக்கது. வளர்ந்தவர்கள் உணவுக்கு ஒரு மணி நேரம் பின்னர் தேநீர் அருந்துவது நன்று. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம். அதற்கு மாறாக ஒரு துண்டு கொய்யாப்பழமோ, உணவிற் பிழிந்த தேசிக்காய்ச் சாறோ இரும்புச் சத்தை உடலில் சேர்ப்பிக்கும்.

மூன்றாவது காரணம் வீடும் நீரும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள லயக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்து, சமைத்து, விறகுப் புகையைச் சுவாசித்து வாழ்ந்த காலம் நெடிது. இன்றும் அது முற்றாக நீங்கிவிடவில்லை. ஊற்றிலிருந்து வரும் நீர் மழைக்காலத்தில் கலங்கி வரும். மலசலகூடம் போதாதவிடத்து அழுக்கு அந்நீரிற் கலக்கும். வயிற்றோட்டமும் சளிச்சுரமும் வரும்போதெல்லாம் பிள்ளை உண்ண மறுக்கிறது. உண்டதும் உடலில் ஒட்டுவதில்லை. கொக்கிப்புழு ஒருகாலத்தில் தோட்டங்களின் சாபமாயிருந்தது. அமெரிக்க றொக்பெலர் நிறுவனம் 1915-ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையில் நடத்திய புழுவொழிப்பு இயக்கம் தோட்டங்களிலே தொடங்கியதற்குக் காரணம் அதுவே. மருந்து புழுவைக் கொன்றது. மலசலகூடம் இல்லாத இடத்திற் புழு திரும்பி வந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் கற்ற அப்பாடம் இன்றைக்கும் பொருந்தும்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது கூலியும் உரிமையும். 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1988-ஆம் ஆண்டும் 2003-ஆம் ஆண்டும் இயற்றப்பட்ட சட்டங்களாலேயே அக்குறை தீர்ந்தது. வாக்கில்லாத காலத்தில் வைத்தியசாலையும் பாடசாலையும் பிந்தியே வந்தன. 1974-ஆம் ஆண்டில் உணவுத் தட்டுப்பாடு நாட்டைப் பீடித்தபோது, தோட்டங்களிற் சிசு மரண விகிதம் நாட்டுச் சராசரியைப்போல் இருமடங்குக்கும் மேல் உயர்ந்தது. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. அத்தடை நீங்கியது 2018-ஆம் ஆண்டிலேதான். குழாய்நீரும் பாதையும் ஏன் தாமதித்தன என்று கேட்போருக்கு இவ்வரலாறே மறுமொழி.

அண்மைக் காலத்தில் 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி மற்றொரு சோதனையாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலையேற்றம் 100-க்கு 90-ஐயும் கடந்தது. நாட்கூலியை நம்பி வாழ்வோர் முதலிற் கைவிடுவது முட்டை, மீன், பால். கடைசிவரை எஞ்சுவது மாவும் சீனியும். அந்நெருக்கடியிற் பிறந்த பிள்ளைகள் இரண்டு வயதைக் கடந்துவிட்டனர். அவர்கள் இழந்ததை அளந்தறிந்து ஈடுசெய்ய முயல்வது சமுதாயத்தின் கடமை.

குறைகளை மாத்திரம் கூறி நிறுத்துவது முறையன்று. செய்யப்பட்டவையும் பல உண்டு. 1973-ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் வழங்கிவரும் திரிபோஷா என்னும் போஷாக்கு மா, சோளத்தையும் சோயா அவரையையும் கொண்டது. கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்க்கும், நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் அது இலவசமாகக் கிடைக்கிறது. 750 கிராம் பொதி இரண்டு ஒரு மாதத்துக்குரியது. நாளொன்றுக்கு 50 கிராம் என்பது கணக்கு. ஆனால் வீட்டிலே பசியுள்ளோர் ஐவராயின், ஒரு பிள்ளைக்கென வந்த முப்பது நாள் உணவு ஆறு நாளில் முடிந்துவிடும். தாய் தவறு செய்கிறாளென்று இதனைக் கொள்ளலாகாது. ஒரு பிள்ளைக்குக் கொடுத்து மற்றப் பிள்ளையைப் பார்த்திருக்கச் செய்யும் மனம் எந்தத் தாய்க்கும் வராது. குடும்பத்தின் பசியைத் தீர்க்காமல் பிள்ளையின் போஷாக்கை மாத்திரம் தீர்க்க முயல்வதன் எல்லை இது.

நாட்டின் மற்றப் பகுதிகளைப் போலவே தோட்டங்களிலும் குடும்பநல உத்தியோகத்தர்கள் கர்ப்பிணிகளைப் பார்வையிட்டு, பிள்ளைகளின் நிறையை வளர்ச்சிப் பதிவேட்டிற் குறிக்கின்றனர். 1939-ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் தொழிலாளப் பெண்ணுக்கு லீவும், வேலை நேரத்தில் பிள்ளைக்குப் பாலூட்ட இடைவேளையும் தந்தது. எத்தனையாவது பிள்ளையாயினும் ஒரே அளவான லீவு என்பது 2018-ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. இந்திய அரசின் உதவியோடு தனிவீடுகளும் எழுகின்றன.

எனினும், மாற்றத்துக்கு மிகவும் ஏற்ற இடம் ஒன்று தோட்டத்திலே முன்னரே இருக்கிறது. அதுதான் பிள்ளை மடுவம். இன்று அதனைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்பர். தாய் காலையிற் பெரட்டுக்குச் செல்லுமுன் பிள்ளையை அங்கே விட்டு, மாலையில் கொழுந்தை நிறுத்த பின் அழைத்துச் செல்கிறாள். ஆகவே வளர்ச்சி குன்றும் அதே பதினெட்டு மாதங்களில், பகல் உணவு முழுவதும் அந்தக் கூரையின் கீழேயே நிகழ்கிறது. ஒருகாலத்தில் பிள்ளைகளைத் தொட்டிலில் இட்டு ஆட்டும் இடமாக மாத்திரமே அது விளங்கிற்று. வயது முதிர்ந்து மலைக்குப் போக இயலாத பெண்ணொருத்தி காவலாயிருப்பாள். பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் இன்று பல தோட்டங்களில் உள்ளனர். அங்கே நாள்தோறும் பருப்பும் கீரையும் முட்டையும் சேர்ந்த ஒரு சூடான பகலுணவு நிச்சயமாகுமாயின், அது வீட்டிற் பங்கிடப்படாது. உரிய பிள்ளையின் வயிற்றுக்கே சென்று சேரும்.

இத்தகைய முயற்சி பலன் தருமா என்பதற்கு உலகில் சான்றுகள் உண்டு. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டிலே, 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. இரண்டு கிராமங்களிற் புரதம் நிறைந்த கஞ்சியும், இரண்டிற் புரதமற்ற இனிப்புப் பானமும் வழங்கப்பட்டன. கஞ்சியை மூன்று வயதுக்குமுன் உண்ட பிள்ளைகள் உயரத்தில் முன்னேறினர். அதற்குப் பின்னர் தொடங்கியோருக்கு அந்நன்மை கிட்டவில்லை. பல ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளை வளர்ந்தவர்களாகக் கண்டு ஆராய்ந்தபோது, முதல் இரண்டு வயதுக்குள் அக்கஞ்சியை உண்ட ஆண்களின் மணிக்கூலி மற்றவரினும் ஏறக்குறைய பாதியளவு மிகுந்திருந்தது. தமிழ்நாட்டிலும், 1980-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்து, நிறை ஏறாத பிள்ளைக்கு உடனே உணவளித்து, கடும் மந்தபோஷணையைக் குறைத்தது. அங்கே உணவளித்ததோடு தாய்க்குப் பிள்ளையின் வளர்ச்சிக் கோட்டைக் காட்டி விளக்கியதும் வெற்றிக்குக் காரணமாயிற்று.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது முதுமொழி. முளை சிறுத்திருப்பின் விதையைப் பழிப்பது உழவன் வழக்கமன்று. மண்ணையும் நீரையும் பார்ப்பான். பிள்ளையின் மூளை, வளர்ந்தவரின் மூளையளவில் ஐந்தில் நான்கு பங்கை இரண்டாம் வயதிலேயே எட்டிவிடுகிறது. அப்பருவத்தில் இழந்ததைப் பாடசாலையில் கொடுக்கும் மதிய உணவு முழுவதும் மீட்டுத் தராது. பாடசாலையில் பின்தங்கி, மீண்டும் கூடையையே எடுக்கும் பிள்ளையின் கதை அநேகமாகத் தொட்டிலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. தராசு உள்ள இடமெல்லாம் உயரமளக்கும் பலகையும் இருத்தல் வேண்டும். குறுகிய பிள்ளை கணக்கில் வருவது அதன் பின்னரே. பிள்ளை மடுவத்தின் பகலுணவைத் தோட்ட நிர்வாகமும் அரசாங்கமும் கூட்டாகப் பொறுப்பேற்றல் வேண்டும். கர்ப்பிணிக்கு இரும்புச் சத்து மாத்திரையோடு இலேசான வேலையும் வேண்டும். லயத்தின் அருகே ஒவ்வொரு குடும்பத்துக்கும் கீரைப்பாத்தியும் சில கோழிகளும் வைக்கத்தக்க நிலம் கிடைத்தல் வேண்டும். பொன்னாங்காணியும் வல்லாரையும் மலைநாட்டு ஈரத்தில் எளிதிற் செழிப்பவை. தாய்மார்க்கு அறிவுரையும் வேண்டும். கொத்மலையில் 1989-ஆம் ஆண்டு சமூக வானொலி தோன்றிய நாள் முதல், இம்மலைகளில் அறிவைப் பரப்புதற்கு வழி உண்டு. ஆயினும் முட்டையின் நன்மையை வானொலி எடுத்துரைக்கலாம். முட்டையை வாங்கத் தருவது கூலிதான்.

தோட்டத்திலே பறித்த கொழுந்தை நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை நிறுத்துக் கணக்கெழுதுகின்றனர். ஒரு கிலோகிராம் குறைந்தாலும் உடனே தெரிந்துவிடும். அதே தோட்டத்திற் பிறந்த பிள்ளையின் உயரத்தில் ஏழெட்டுச் சென்ரிமீற்றர் குறைந்தால், அதையும் அவ்வளவு கவனமாக அளந்து, அவ்வளவு விரைவாகக் கேள்வி கேட்கும் வழக்கம் வருமாயின், மலைநாட்டின் அடுத்த தலைமுறை இன்றைய தலைமுறையினும் ஓங்கி வளரும் என்பதில் ஐயமில்லை.